எஸ்டேட் ஊரில் நில வழக்கறிஞராகப் பிழைக்க முடியுமா?

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஒரு தம்பி, சட்டம் படித்து முடித்து, கோலாலம்பூரில் ஒன்பது மாதப் பயிற்சியில் இருக்கிறார். ஊருக்கே திரும்பி வந்து நிலம், வீடு சார்ந்த வேலையை மட்டும் பார்த்தால் பிழைக்க முடியுமா என்று கேட்கிறார். கூடவே, "பாரம் (படிவம்) நிரப்புவதைத் தவிர அதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றும் கேட்டிருக்கிறார்.

பிழைக்கலாம், தம்பி. முதல் கேள்விக்கு அது போதும். கணக்கைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் நீளும்.

பாரம் நிரப்புவது உண்மைதான். பெயர் மாற்றத்துக்கு 14ஏ, வங்கி அடமானத்துக்கு 16ஏ, நிலம் வேறு யாருக்கும் கைமாறாமல் பதிவேட்டில் தடைக்குறிப்பு, அதாவது கேவியட், போட 19பி. இந்த மூன்றையும் எங்கள் கிராணி (எழுத்தர்) அம்மா பேசிக்கொண்டே நிரப்பிவிடுவார், ஒரு எழுத்துப் பிழை இருக்காது. அந்தப் பாரத்தில் யார் பெயர் வரவேண்டும், அவர் பெயர் வரலாமா, வந்தால் நிலைக்குமா என்று பார்ப்பதுதான் நமக்கான வேலை. எஸ்டேட் ஊரில் இந்தக் கேள்விகளுக்கு மற்ற ஊர்களைவிட எடை அதிகம்.

ஏன் என்று கேட்டால், நம் மக்கள் நிலத்தின்மேல் வாழ்ந்தவர்கள், நிலத்தை வைத்திருந்தவர்கள் அல்லர். தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை அறுத்தார். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டு வாசலில் முருங்கை வைத்தார்கள், பின்னால் மாட்டுக்கொட்டகை கட்டினார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தார்கள். வேலை முடிந்த அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். ஆகவே நம் அலுவலகத்துக்கு வருபவர் பெரும்பாலும் தம் குடும்பத்திலேயே முதன்முதலாகச் சொத்து வாங்குபவர். கிராண்ட் என்ற நில உரிமைப் பத்திரத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. கையில் இருப்பது முப்பது வருட உழைப்பில் சேர்ந்த சேமநிதிப் பணம். அது ஒரு தடவைதான் வரும்.

"நாற்பது வருடமாக அங்கேதான் இருக்கிறோம், எங்களுக்கு உரிமை கிடையாதா?" இந்த ஒரு கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. கிடையாது என்பதுதான் பதில். அதை எப்படிச் சொல்வது என்பதைச் சட்டக் கல்லூரியில் கற்றுத்தர மாட்டார்கள். தமிழ்நாட்டு உறவினரிடம் விசாரித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அங்கே பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று பல ஆண்டுக் கதையைத் தோண்டிப் பார்க்கவேண்டும். பன்னிரண்டு ஆண்டு எதிரிடை அனுபவம் என்றொரு வாதமும் அங்கே எடுபடும். இங்கே நடப்பது தோரன்ஸ் முறை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஏற்பாடு. பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். அதற்கு முந்தைய கதை தேவையில்லை. 1966 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் உரிமை வராது என்கிறது. தனியார் நிலத்துக்கு 341ஆம் பிரிவு அதே கதவைச் சாத்துகிறது. பினாங்கில் கம்போங் புவா பாலா என்ற கிராமம் 2009இல் இடிக்கப்பட்டதை நாடே பார்த்தது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துக்கொண்டு அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றப் படிகளை எல்லாம் ஏறினார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை.

இதற்கு அடுத்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். டி.ஓ.எல். என்றால்தான் ஊரில் புரியும். அது எந்த மாதம் கிடைத்தாலும் டிசம்பர் 31ஆம் தேதி முடிந்துவிடும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். விற்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும். ஆனாலும் அதை 15,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) "வாங்கிய" ஒருவர், முத்திரை ஒட்டி இரண்டு சாட்சி போட்ட ஒப்பந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். விற்றவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தக் காகிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது சட்டத்துக்காக அல்ல, அவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

சரி, பதிவேட்டைப் பார்ப்பது எப்படி? மாவட்ட அளவில் பதிவான முக்கிம் கிராண்ட் என்றால் மாவட்ட நில அலுவலகம். மாநிலப் பதிவகத்துக் கிராண்ட் என்றால் மாநிலத் தலைநகர் ஈப்போ. தேடல் விண்ணப்பம் போட்டால் ஓரிரு தாள் கையில் வரும். அதை வரி வரியாகப் படிக்கப் பழகுங்கள். உரிமையாளர் பெயர், அடையாள அட்டை எண், பங்கு. நிலத்தின் வகை விவசாயமா, கட்டடமா. நிரந்தரமா, குத்தகையா, குத்தகை என்றால் எந்த ஆண்டு முடிகிறது. பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டா. மலாய்க்காரருக்கு மட்டும் ஒதுக்கிய நிலமா. அடமானம், கேவியட் ஏதும் இருக்கிறதா. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒற்றை வரியில் ஒளிந்திருக்கும் கேவியட் ஒன்றே முழு விற்பனையையும் நிறுத்திவிடும்.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். தனி அலுவலகம் திறந்த இரண்டாம் ஆண்டு. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், தாமானில் (புதுக் குடியிருப்புப் பகுதியில்) ஓர் ஒற்றை மாடி வீடு வாங்க வந்தார். தேடல் சுத்தமாக வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, பத்து விழுக்காடு முன்பணம் கைமாறியது. கேவியட் போடக் கட்டணம் ஆகும் என்றபோது, "விற்பவர் தெரிந்த மனிதர்தான், எதற்கு வீண் செலவு?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. நாமும் தோட்டத்துப் பிள்ளைதானே, நூற்றுக்கணக்கில் கறப்பது போலாகிவிடுமே என்ற கூச்சம். மூன்று வாரம் கழித்து வங்கிக் கடன் உறுதியாகி மறுபடி தேடினால், வேறொருவரின் கேவியட் உட்கார்ந்திருக்கிறது. விற்பவர் அதே வீட்டுக்கு இன்னொருவரிடமும் முன்பணம் வாங்கியிருந்தார். உயர் நீதிமன்றம் போய் அந்தக் கேவியட்டை எடுக்க எட்டு மாதம் ஆயிற்று. முதலில் வாங்கியவர் என்பதால் வீடு கடைசியில் அவருக்கே வந்தது. அதற்குள் வங்கிக் கடன் ஒப்புதல் காலாவதியாகி, மீண்டும் விண்ணப்பித்து, வாடகை கொடுத்து, மனிதர் பாதியாகிவிட்டார். வழக்குச் செலவை நான் வாங்கவில்லை. அதற்காக அவர் நன்றி சொன்னதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இப்போது ஒப்பந்தம் கையெழுத்தானதும் கேவியட் பாரமும் கையெழுத்தாகும், யார் தடுத்தாலும். போட்டால் ஆறு ஆண்டு நிற்கும்.

இனி நம் ஊருக்கே உரிய வியாதி: பங்கு நிலம்.

கதை பழையது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடலில் வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் இந்தச் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்கவைத்தார். பின்னர் நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவும் வந்தது: 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது. பெரிய துண்டாடலுக்குப் பூட்டு போட்டாயிற்று. சின்ன துண்டாடல் நிற்கவில்லை.

ஒருவர் ஐந்து ஏக்கர் ரப்பர் நிலம் வாங்குவார். மரத்தைத் தள்ளுவார். ஏ4 தாளில் 38 கட்டம் போடுவார், நடுவில் சாலை, ஒரு மூலையில் கோயில். ஒவ்வொன்றும் 60க்கு 90 அடி மனை, விலை தாமான் வீட்டில் மூன்றில் ஒரு பங்கு. "கிராண்டில் உங்கள் பெயர் வரும்" என்பார். அது பொய்யில்லை, வரும். 38இல் ஒரு பங்கு என்று வரும். எந்த மனை உங்களுடையது என்று கிராண்டுக்குத் தெரியாது. அந்த ஏ4 தாளை எந்த அரசு அலுவலகமும் பார்த்ததே இல்லை. விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, பிரிக்க 136ஆம் பிரிவு இடம் தராது. ஐந்து ஏக்கர் நிலம் எத்தனை தனிக் கிராண்டாகும் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள், 38 ஆகாது. நிலத்தின் வகையைக் கட்டடமாக மாற்றவேண்டும், அதற்கு மாநிலத்துக்கு பிரீமியம் என்ற கட்டணம் கட்டவேண்டும், சாலையும் சாக்கடையும் போடவேண்டும், இதற்கெல்லாம் 38 பேரும் கையெழுத்திடவேண்டும். அதற்குள் இரண்டு பேர் இறந்திருப்பார்கள், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவர் இன்னொருவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார். வங்கியும் வீட்டுக்கடன் தராது. அங்கே கட்டிய வீட்டுக்கு ஊராட்சி மன்றம் அறிவிப்பு ஒட்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணவனும் மனைவியுமாக வந்து, அப்படி ஒரு மனைக்கு அன்று மாலை 5,000 வெள்ளி அச்சாரம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். தேடல் தாளை விரித்து, உரிமையாளர்கள் பட்டியலில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொன்னேன். பதினேழாவது பெயரில் அந்த அம்மாள் நிறுத்திக்கொண்டார். "இவர்கள் எல்லோரும் நம் நிலத்துக்குச் சொந்தக்காரர்களா?" என்று கேட்டார். அவருக்குப் பிரிவு எண் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு நான் வாங்கியது 50 வெள்ளி. பெரிய நிறுவனத்தில் உங்களுக்கு இந்த வேலை கிடைக்காது. அங்கே கோப்பு வரும், ஆள் வரமாட்டார்.

அடுத்தது, யாரும் எச்சரிக்காத பகுதி. நில வழக்கறிஞர் என்று பலகை மாட்டினால் வீட்டுக் கதைகள் எல்லாம் வந்துசேரும். ஏனென்றால் ஒருவர் இறந்தபிறகுதான் பல வீடுகளில் கிராண்டையே எடுத்துப் பார்க்கிறார்கள்.

மலிவு விலை வீடொன்று கணவர் பெயரில். அவர் மாரடைப்பில் போய்விட்டார், உயில் இல்லை. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். முஸ்லிம் அல்லாதவருக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்: மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. எளிதான கணக்குதான். திருமணப் பத்திரத்தைக் கேட்டேன். அந்த அம்மாள் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். மாரியம்மன் கோயில், மாலை, தாலி, பந்தியில் தோட்டமே உட்கார்ந்து சாப்பிடும் படம். 1991இல் நடந்த கல்யாணம், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன் சம்பிரதாயப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் நடந்தது பதிவாகவேண்டும். ஆக, இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. பிள்ளைகளின் உரிமையும் ஆட்டம் காண்கிறது. முழு வீடும் யாருக்குப் போகும்? உயிரோடு இருந்த மாமியாருக்கு.

நான் பயந்துபோயிருந்தேன். மாமியார் எண்பதைத் தாண்டியவர், இன்னொரு மகன் வீட்டில் இருந்தார். நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டு விசாரணை நடந்து வீடு அவர் பெயருக்கு வந்தது. அன்றே அவர் என்னிடம், "இதை அவள் பெயருக்கு எழுது" என்றார். மகன்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றோர் பிள்ளைக்கும், கணவர் மனைவிக்கும் அன்பின்பேரில் சொத்து எழுதினால் முத்திரை வரியில் சலுகை உண்டு; 2023 ஏப்ரல் முதல் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. மாமியார் மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி ஒரு அன்பைச் சட்டம் எழுதியவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும்! வீட்டின் மதிப்பு 80,000 வெள்ளி, ஒரு விழுக்காடு, 800 வெள்ளி வரி. அதையும் கிழவியே முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கையெழுத்து போடத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். நாற்பது ஆண்டு பால்வாளி தூக்கியும் ரப்பர் பாலை உறையவைக்கும் புளிநீரில் கை வைத்தும் ரேகை வழவழவென்று தேய்ந்திருந்தது. மூன்று தாள் வீணாயிற்று. கடைசியில் இடது பெருவிரலைத் துடைத்து, மையைக் குறைத்து, நான் விரலைப் பிடித்து மெல்ல உருட்டியபோதுதான் வளையம் விழுந்தது.

இந்தச் சாட்சிக் கையெழுத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "அப்பாவால் நடக்க முடியவில்லை, பாரத்தைக் கொடுங்கள், வீட்டில் வாங்கிவந்துவிடுகிறேன்" என்று மகன்கள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நீங்கள் போங்கள். என் முன்னிலையில் இவர் கையெழுத்திட்டார் என்று எழுதும்போது அவர் உங்கள் முன்னால் இருக்கவேண்டும். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்துப் பெண்மணி ஒருவரின் நிலத்தைப் போலிக் கையெழுத்தில் விற்றுவிட்டார்கள். 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கியவர் நல்லெண்ணத்தில் வாங்கினார், நிலம் அவருக்கே என்று தீர்ப்பளித்தது. 2010 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், அந்தத் தீர்ப்பு தவறு என்று திருத்தும்வரை ஒன்பது ஆண்டு நாட்டில் யார் நிலத்துக்கும் உத்தரவாதம் இல்லை. இன்றும்கூட, போலிப் பாரத்தில் வாங்கியவரிடமிருந்து விவரம் அறியாமல் விலைகொடுத்து வாங்கிய அடுத்த ஆளுக்கு உரிமை நிலைத்துவிடும். எல்லாம் ஒரு பாரத்தில் ஒரு கையெழுத்து.

பெயர்ச் சிக்கல்கள் தினம் வரும். கிராண்டில் லெட்சுமி, அடையாள அட்டையில் லெச்சுமி, பிறப்புப் பத்திரத்தில் லெட்சிமி. மலாய் எழுத்தில் எழுதிய கிராணிமார்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சத்தியப் பிரமாணம் எழுதி ஒட்டவேண்டும். சிவப்பு அடையாள அட்டைக்காரர் என்றால் இங்கேயே பிறந்திருந்தாலும் குடியுரிமை இல்லாதவர்தான். 433பி பிரிவின்கீழ் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் வீடு வாங்க முடியாது. முதல் சந்திப்பிலேயே அட்டையின் நிறத்தைப் பாருங்கள், முன்பணம் கொடுத்தபிறகு பார்க்காதீர்கள்.

இப்போது கணக்கு. கட்டணத்தை நாம் நினைத்தபடி போட முடியாது, ஆணையே இருக்கிறது. 2023 ஜூலையிலிருந்து முதல் 5 லட்சம் வெள்ளிக்கு 1.25 விழுக்காடு. நம் ஊரில் 2 லட்சம் வெள்ளி வீடு என்றால் 2,500. வாங்குபவர் இதைத் தவிர முத்திரை வரியாக 3,000 கட்டுவார்: முதல் லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அடுத்த லட்சத்துக்கு இரண்டு. முதல் வீட்டுக்கு அரசு சலுகை அறிவித்திருந்தால் அது குறையும். மாதத்துக்கு ஏழெட்டுக் கோப்பு, வீட்டுக்கடன் ஆவணங்கள், இரண்டொரு பங்கீடு வந்தால் கடை வாடகையும் கிராணி சம்பளமும் போக நிம்மதியாக இருக்கலாம். முதல் இரண்டு ஆண்டு அப்படி வராது. அதற்கான சேமிப்போடு வாருங்கள். வங்கிகளின் வழக்கறிஞர் பட்டியலில் இடம் பிடிப்பதும் நாளாகும். வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர்களின் வேலையைத் தேடிப் போவீர்கள் என்றால் ஒன்று நினைவிருக்கட்டும்: வீடமைப்பில் மேம்பாட்டாளருக்கு ஆஜராகும் வழக்கறிஞர் வாங்குபவருக்கும் ஆஜராகக் கூடாது, சட்டத் தொழில் சட்டத்தின் 84ஆம் பிரிவு அது. "வழக்கறிஞர் கட்டணம் இலவசம்" என்ற பதாகையைப் பார்த்து வருபவருக்கு, அந்த வழக்கறிஞர் தன் ஆள் இல்லை என்பதே தெரியாது.

பணத்தைப் பற்றி இன்னொன்று. இங்கே ஆட்கள் ரொக்கத்தை நாளிதழில் சுற்றிக் கொண்டுவந்து, ரசீதுகூடக் கேட்காமல் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அந்த நம்பிக்கை பயமாக இருக்கவேண்டும். கட்சிக்காரர் கணக்கு தனி, அலுவலகக் கணக்கு தனி; அன்றே வங்கியில் போடுங்கள், ரசீதைக் கையில் திணியுங்கள். ஆண்டுதோறும் கணக்காய்வாளர் அறிக்கை இல்லாமல் தொழில் சான்றிதழ் புதுப்பிக்க முடியாது. ஆனால் அறிக்கைக்குப் பயந்து நேர்மையாக இருப்பவரை நான் அலுவலகத்தில் சேர்க்க மாட்டேன்.

மலாய்மொழி நன்றாக வரவேண்டும், பாரமெல்லாம் அதில்தான். தமிழ் அதைவிட நன்றாக வரவேண்டும். "கட்டுப்பாடு", "குத்தகை", "பங்கு" ஆகிய மூன்றையும் எண்பது வயதுக்காரருக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பயிற்சி முடிவதற்குள் விடுமுறை கிடைத்தால் ஒரு நாள் ஊருக்கு வாருங்கள். என் அலுவலகத்துக்கு வேண்டாம், மாவட்ட நில அலுவலகத்துக்குப் போங்கள். கதவு திறக்கும் நேரத்துக்கே போய் எண் எடுத்துக்கொண்டு, உங்கள் பெற்றோர் இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு தேடல் போடுங்கள். தாள் வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள்.